தலைக்கு மேல் வானம், பக்கத்தில் ஒரு சுவர்

வீட்டுத் தரகனுக்கு மூலதனம் செருப்பும் நாக்கும்தான்; இரண்டும் ஒரே வேகத்தில் தேயும். இரண்டாயிரத்தை ஒட்டிய வருடங்களில் திருவொற்றியூரில் ஒரு எஸ்.டி.டி. பூத் வாசலில் இருந்த ஸ்டூல்தான் என் ஆபீஸ். தண்டையார்பேட்டையிலிருந்து எண்ணூர் வரை என் மொபெட்டைத் தெரியாத நாய் கிடையாது. வீடு தேடி அலைந்தவர்களுக்கும், அவர்களுக்கு முன்னால் சாவிக்கொத்தோடு நடந்த என் இனத்தாருக்கும் இந்தப் பாடு தெரியும். முதல் வீடு வாங்க வருகிறவர்களிடம் மாட்டிக்கொண்டவர்களுக்கு இன்னும் நன்றாகவே தெரியும். நான் மாட்டிக்கொண்டது முருகேசன், தேன்மொழி என்ற தம்பதியிடம்.

ஒரு கெடு, இரண்டு திசை

முருகேசன் எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். ஷிப்ட் மாறி மாறி வரும். தேன்மொழிக்கு அப்போது ஐந்தாவது மாதம். ஏழாவது மாதம் தொடங்கிவிட்டால் புதுவீடு புகக்கூடாது என்று இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். பிள்ளையைச் சொந்த வீட்டுக்குத்தான் தூக்கிவர வேண்டும் என்பதில் புருஷன் பெண்டாட்டி இருவரும் ஒற்றுமை. மற்றதில் எல்லாம் ஆளுக்கு ஒரு திசை.

அவள் ஃப்ளாட் வேண்டும் என்றாள். ஏன் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாள். அவன் தனி வீடு வேண்டும் என்றான். அவனிடம் காரணம் தயாராக இருந்தது. வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் பிறந்து வளர்ந்தவன். மேல் வீட்டுச் சண்டை, மேல் வீட்டு உலக்கை, மேல் வீட்டுக் குழாய் ஒழுகல் எல்லாவற்றையும் இருபத்தைந்து வருடம் அனுபவித்து முடித்திருந்தான்.

“தலைக்கு மேல எவனும் நடக்கக்கூடாது பாய். அவ்ளோதான். மீதியெல்லாம் அவ சொல்றதுதான்.”

பருப்புப் பரீட்சை

எனக்கு வாஸ்து பார்க்கிறவர்களைத் தெரியும். வில்லங்கச் சான்றிதழை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தவர்களையும் தெரியும். தேன்மொழி மாதிரி ஒருத்தியை அதற்கு முன் பார்த்ததில்லை. எந்த வீட்டுக்குப் போனாலும் கூடத்தைப் பார்க்கமாட்டாள், நேராக அடிபம்புக்குப் போவாள். கூடையிலிருந்து ஒரு காலி பாட்டிலை எடுத்துத் தண்ணீர் பிடித்துக்கொள்வாள். வீட்டுக்குப் போய் அந்தத் தண்ணீரில் துவரம் பருப்பு வேகவைப்பாள். எங்கள் பக்கத்துத் தண்ணீரின் லட்சணம் உங்களுக்குத் தெரியும். சில தெருக்களில் உப்பே போடாமல் ரசம் வைக்கலாம்.

மறுநாள் காலையில் பூத்துக்கு போன் வரும். பத்தாம் வகுப்பு ரிசல்ட்டுக்குக் கூட நான் அப்படி நடுங்கியதில்லை. காலடிப்பேட்டைப் பக்கம் ஒரு ஃப்ளாட், அருமையான பால்கனி, கடல் காற்று. முருகேசனையே பாதி கரைத்துவிட்டேன். காலையில் போன்.

“வூடு நல்லாத்தான் கீது ண்ணா. பருப்புதான் வேகல.”

காலண்டர்

அடுத்து சடையங்குப்பம் பக்கம் ஒரு தனி வீடு. சுற்றிலும் இடம், தென்னை, சமையலறையில் ஜன்னல். அந்தப் பகுதி பள்ளம், மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும் என்பது எனக்குத் தெரியும். விற்கிறவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதனால் இருவரும் மழையைப் பற்றி மட்டும் வாயே திறக்கவில்லை. முருகேசன் வாசலிலிருந்து காம்பவுண்டு வரை அடி அளந்து அளந்து நடந்தான். ஆசை முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

தேன்மொழி களைத்துப்போய்க் கூடத்துத் தரையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவளின் கண்ணுக்கு நேராக ஒரு தினசரி காலண்டர். அதை ஒரு விரலால் ஒதுக்கிப் பார்த்தாள். பின்னால், புதுச் சுண்ணாம்புக்கு அடங்காத பழுப்புக் கோடு, போன மழையில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று காட்டியது. விற்கிறவர் தென்னையைப் பார்த்தார். நான் என் செருப்பைப் பார்த்தேன்.

“இந்த வூட்ல காலண்டர எல்லாம் குந்திகினுதான் பாப்பாங்களா ண்ணா?”

மூச்சு விடாத பக்கத்து வீடு

கெடுவுக்கு ஒரு மாதம் இருக்கும்போது திருவொற்றியூரிலேயே ராஜா கடை ஸ்டாப் பக்கம் ஒரு வீடு கிடைத்தது. வரிசையாக நாலு வீடு, நடுவில் பொதுச்சுவர், ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனி வாசல், தனி மொட்டை மாடி. முருகேசன் மாடியில் ஏறி நின்று, தலைக்கு மேல் காக்காயைத் தவிர யாருமில்லை என்று உறுதி செய்துகொண்டான். முதல் நாளே நான் கொண்டுபோய்க் கொடுத்த தண்ணீரில் பருப்பும் மலர வெந்திருந்தது.

மிச்சம் இருந்த ஒரே குறை பக்கத்து வீட்டு எஸ்தர் அக்கா. இட்லி மாவு அரைத்து விற்பவர். அவருடைய கிரைண்டர் ஓடினால் இந்தப் பக்கத்துச் சுவரில் ஆணியே ஆடும். காலையிலேயே போய்க் காலில் விழாத குறையாகக் கேட்டுக்கொண்டேன்: “அரை மணி நேரம்க்கா. கிரைண்டரு வேணா, ரேடியோ வேணா. மூச்சு கூட உடாத.” சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். வீடு மசூதி போல அமைதியாக இருந்தது. எனக்கே பெருமையாக இருந்தது.

தேன்மொழி பொதுச்சுவரிடம் போனாள். மூன்று முறை தட்டினாள். காதை வைத்துக் கேட்டாள். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் தட்டினாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

“பக்கத்துல ஆளே இல்லாத வூடு எனக்கு வேணா ண்ணா.”

டீக்கடையில் தெரிந்தது

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ‘ஆள் இருக்கிறது, நான்தான் வாயை அடைத்தேன்’ என்று சொல்லவும் நா எழவில்லை. மறுநாள் முருகேசனைத் தனியாக டீக்கடைக்கு இழுத்துப்போய்க் கேட்டேன். கிளாஸை உருட்டிக்கொண்டே சொன்னான்.

அவர்கள் குடியிருந்தது வள்ளூர்ப் பக்கம் தோப்புக்குள் ஒரு தனி வீடு. போன வருடம் அவன் வேலைக்குப் போன பிறகு, பாத்ரூமில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டிருக்கிறாள். காலை எட்டு மணிக்கு விழுந்தவளை மாலை நாலு மணிக்கு அவன் வந்துதான் தூக்கினான். இப்போது வயிற்றில் பிள்ளை வேறு. வெளியில் சொன்னால் ஐயோ பாவம் என்று பார்ப்பார்கள், அது அவளுக்குப் பிடிக்காதாம். ‘காம்பவுண்டு சுவர் உயரமாக இருந்தால் அவள் பயம் போய்விடும் என்று நினைத்தேன்’ என்றான் அவன். டீ ஆறிப்போயிருந்தது. எனக்கு என்மேலேயே ஆத்திரமாக வந்தது.

“எட்டு மணி நேரம் கத்திகினு கெடந்திருக்கா பாய். தென்ன மரத்துக்குத்தான் கேட்டிச்சு.”

கிரைண்டர்

அன்றைக்கே வள்ளூருக்குப் போய் தேன்மொழியிடம் உண்மையைச் சொன்னேன். திட்டுவாள் என்று தயாராகத்தான் போனேன். அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள், அவ்வளவுதான். மூன்று பேரும் கிளம்பி வந்தோம்.

தெருமுனையிலேயே கிரைண்டர் சத்தம் கேட்டது. இந்த முறை எஸ்தர் அக்காவிடம் நான் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை. வீட்டுக்குள் சுவரே கடகடவென்று அதிர்ந்தது. முருகேசன் முகம் சுளித்தான். தேன்மொழி உள்ளங்கையைச் சுவரில் வைத்துக் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு மூன்று முறை தட்டினாள், பலமாகக்கூட இல்லை.

கிரைண்டர் நின்றது. அந்தப் பக்கமிருந்து பதிலுக்கு மூன்று தட்டு. தேன்மொழி அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். அவள் சிரித்ததை நான் அன்றுதான் பார்த்தேன். முருகேசன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு மாடிப்படியைப் பார்த்தான். அதற்குள் ஈரக் கையோடு, இடுப்பில் சொருகிய சேலையோடு, எஸ்தர் அக்கா எங்கள் வாசலுக்கே ஓடிவந்துவிட்டார்.

“இன்னாம்மா ஆச்சு? வயித்துப் புள்ளக்காரி, தட்டிட்டு சொம்மா குந்தினுகீற?”

ஏழாவது மாதத்துக்கு நாலு நாள் இருக்கும்போது பால் காய்ச்சினார்கள். அன்றோடு நான் கற்றது இதுதான்: சில சமயம் வீட்டின் குறை என்று தரகன் பாடுபட்டு மறைப்பதைத்தான் வாங்க வந்தவள் பாட்டிலோடு தெருத்தெருவாகத் தேடிக்கொண்டிருப்பாள்.