சிவப்பு வயரை நம்பியவர்

லிஃப்ட்காரருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இருபத்தாறு வருஷமாக லிஃப்ட் பழுது பார்க்கிறார்; நடுவழியில் மாட்டிக்கொண்டவர்கள் அத்தனை பேரும் அவரைத்தான் திட்டியிருக்கிறார்கள். வாங்கியதை எங்காவது இறக்கிவைக்க வேண்டாமா? அந்த வாரம் அதற்கு வாய்த்தவர் எலக்ட்ரானிக்ஸ் உதிரிபாகக் கடைக்காரர்.

தேவைப்பட்டது ஒரு கனெக்டர். வயர் நுனியில் மாட்டும் சின்ன வெள்ளைப் பிளாஸ்டிக் கூடு, உள்ளே இரண்டு பின். இரண்டுக்கும் நடுவே இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். கடைக்காரர் கொடுத்தது இரண்டரை.

"எல்லாம் ஒண்ணுதாண்ணே. கொஞ்சம் அழுத்தினா போயிடும்."

"அழுத்திப் பாத்துட்டுதான் வந்திருக்கேன். பாதிகூட நுழையல. அரை மில்லிமீட்டர்னா உனக்கு விளையாட்டா?"

இத்தனை பாடும் மனைவிக்காக. தொண்டையில் கட்டி வந்து அவளுடைய குரல்வளையையே எடுத்தாயிற்று. ஆபரேஷனுக்கு முதல் நாள், உள்ளங்கை அளவுள்ள பேசும் போர்டு ஒன்றை வாங்கிவந்து, போன் சார்ஜரில் செருகி, அதிலிருந்த மைக்கில் அவளைப் பேசவைத்தார். "தண்ணி வேணும்." "வலிக்குது." "லைட்டை அணைங்க." கடைசியாக அவரைக் கூப்பிடும் "ஏங்க." நாலு பட்டன், நாலு பேச்சு. அந்தக் கனெக்டரால் பேட்டரியை இணைத்து ஒரு பெட்டிக்குள் வைத்துவிட்டால், படுத்த இடத்திலிருந்தே அவள் குரலிலேயே அவள் கூப்பிடலாம். போனில் ஒரு பிரதி எடுத்துவைக்க அந்தப் புத்திசாலிக்குத் தோன்றவில்லை. கல்யாண வீடியோவில்கூட அவள் வாய் திறந்ததில்லை. அந்தக் குரல் மிச்சமிருந்த ஒரே இடம் அந்த போர்டுதான்.

வேறு கடையில் பின்னும் கூடும் தனித்தனியாகக் கிடைத்தன. குருணை அளவுப் பின்னின் வாலில் இரண்டு இறக்கைகள்; குறடால் நசுக்கினால் ஒன்று வயரின் செம்புக் கம்பியைக் கவ்வ வேண்டும், இன்னொன்று மேலுறையைக் கவ்வ வேண்டும். இரும்புக் கயிற்றைப் பிடித்துப் பழகிய விரலுக்கு அது அடங்குமா? பதினோரு பின்கள் கோணிக்கொண்டு போயின. செய்தவனைத் திட்டினார், விற்றவனைத் திட்டினார், குறடைத் தூக்கிச் சுவரில் அடித்தார்.

கடைசியில் கனெக்டர் மாட்டியே வரும் வயரைத் தபாலில் வரவழைத்தார். சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று. போர்டின் சாக்கெட்டில் செருகிப் பார்த்தார், கச்சிதமாக உட்கார்ந்தது. உருவியெடுத்து, சிவப்பை பேட்டரியின் பிளஸ்ஸில் வைத்து ஈயத்தால் பற்றவைத்தார். இந்த வயர்களில் ஒரு கம்பெனி சிவப்பை இடப்பக்கம் வைக்கும், இன்னொன்று வலப்பக்கம் வைக்கும்; பிளஸ்ஸும் மைனஸும் மாறிப்போனால் போர்டு கருகிவிடும். செருகுமுன் மீட்டர் வைத்துப் பார்ப்பது இந்த வேலையின் அரிச்சுவடி. ஆனால் லிஃப்ட்காரரின் உலகத்தில் வயரின் நிறம் பொய் சொல்லாது. சொன்னால் ஆள் செத்துப்போவான். அவர் நம்பிச் செருகினார். நூல் போலப் புகை எழுந்தது. முதல் பட்டனை அழுத்தினார். நாலையும் அழுத்தினார். ஒன்றுமில்லை.

வயரை அனுப்பியவன் முகம் தெரியாதவன். அதனால் பழைய கடைக்காரரிடமே போய்க் கத்தினார். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "மீட்டர் வச்சுப் பாத்தீங்களா?"

வயரைச் செருகியபோது மீட்டர் கைக்கெட்டும் தூரத்தில் மேஜைமேல்தான் கிடந்தது. லிஃப்ட்காரர் கடைப் படியிறங்கினார். அவருக்குத் தன்னையே அறைய வேண்டும் போலிருந்தது.

வீட்டில் கருகிய போர்டை மனைவியின் கட்டிலில் வைத்தார். "உன் குரலைக் கொளுத்திட்டேன்" என்றார். அவள் அழுவாள் என்று நினைத்தார். அவளோ தலைமாட்டிலிருந்த நோட்டை எடுத்து, பேனா தாளைக் கிழிக்கும்படி எழுதினாள்: 'அந்தக் குரல் யாருக்கு வேணும்? எனக்கா, உங்களுக்கா?'

பிறகு பக்கங்களைப் பின்னால் புரட்டி ஒவ்வொன்றாக விரல் வைத்துக் காட்டினாள். 'ஒரு பெல் வாங்கி வைங்க, போதும்.' இரண்டு பக்கம் தள்ளி, 'பெல் என்ன ஆச்சு?' அவள் நோட்டை நீட்டிய போதெல்லாம் தலை நிமிராமல் "அப்புறம் படிக்கிறேன்" என்று சொன்னது அவருக்கு இப்போதுதான் உறைத்தது. கடைசியாகக் காட்டியது முந்தின நாள் எழுதியது. 'மத்தியானம் சளி அடைச்சு மூச்சே வரல. டம்ளரால சுவத்துல தட்டினேன். நிறைய நேரம் தட்டினேன்.'

அந்தத் தட்டல் அவருக்கு ஞாபகம் இருந்தது. பக்கத்து வீட்டில் ஆணி அடிக்கிறார்கள் என்று எரிச்சலாகி, எழுந்துபோய், தான் வேலை செய்த அறையின் கதவைச் சாத்திவிட்டு வந்து வயரைப் பற்றவைத்தார்.