காட்பாடிப் படியில் எல்லம்மா எறிந்த பெட்டி

“அந்தப் பொம்பளை பெட்டிய எறிஞ்சாளா, இல்ல கை நழுவிச்சா? எறிஞ்சான்னா, ஏன் எறிஞ்சா?”

காட்பாடி ஸ்டேஷனில் ரயில்வே போலீஸ்காரர் என்னைப் பார்த்துக் கேட்ட கேள்வி இது. நான் எட்டாம் வகுப்பு பாஸ் செய்தவள். கேட்டால் பதில் சொல்லிப் பழகியவள். ஆனால் அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. நான் பேசாமல் நின்றதால் எல்லம்மாவின் பேர் ஆம்பூரில் கெட்டுப்போயிற்று. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எல்லம்மா எங்கள் தெருவுக்குப் பின்னால் பாலாற்றங்கரைக் குடிசைகளில் இருக்கிறாள். நாற்பது வயது இருக்கும். புருஷன் இல்லை. என் அப்பா மேஸ்திரியாக இருக்கும் தோல் பதனிடும் ஷாப்பில்தான் அவளுக்கும் வேலை. சுண்ணாம்புக் குழியில் ஊறிய தோல்களைத் தலையில் சுமந்து, மயிர் சுரண்டுகிற இடத்துக்குக் கொண்டுபோய்ப் போடுவாள். பல வருஷம் சுண்ணாம்பில் வெந்து, அவள் விரல் நுனிகள் கண்ணாடிபோல் வழுவழுப்பாகிவிட்டன.

வெள்ளிக்கிழமை ஷாப்புக்கு லீவு. அன்றைக்கு யாராவது ரயில் ஏறுகிறார்கள் என்றால் எல்லம்மாவைக் கூப்பிடுவார்கள். பெண்கள் தனியாகப் போகும்போது பெட்டியையும் பிள்ளையையும் அவளிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். கூலி என்று அவள் வாய் திறந்து கேட்டதில்லை. ரயிலில் போவது அவளுக்கு அவ்வளவு பிடிக்கும். “ஆறு நாளு நாத்தத்துல கீறேன். ஒரு நாளு காத்துல போறேனே” என்பாள்.

போன வருஷம் கார்த்திகை மாதம் என் அக்கா அமிர்தவள்ளிக்கு ஏழாம் மாதம். இரண்டு காலும் வீங்கி, தலைவலி என்று படுத்தே கிடந்தாள். ஏற்கெனவே ஒரு பிள்ளை வயிற்றிலேயே போயிருந்தது. உடனே வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார் டாக்டர். அத்தான் மதராஸில் இருந்தார். அப்பா குளிர்ஜுரத்தில் கிடந்தார். அம்மாவால் அவரை விட்டு நகர முடியவில்லை. “எல்லம்மா இருக்கா, பயமில்ல” என்று சொல்லி எங்களை அனுப்பினார்கள்.

பயமில்லை என்று அம்மா சொன்னதிலிருந்துதான் எனக்குப் பயம் வந்தது. பெட்டி, படுக்கை, கூடை, கூஜா என்று நாலு உருப்படி. நான் வழியெல்லாம் அந்த நாலையும் எண்ணிக்கொண்டே வந்தேன். தகரப் பெட்டியில் ஆஸ்பத்திரிக்கு வேண்டிய துணிகளும், பிள்ளை பிறந்தால் சுற்றுவதற்கு அம்மா கிழித்து வைத்த பழைய புடவைத் துண்டுகளும் இருந்தன.

ஆம்பூரிலேயே வண்டி நிரம்பி வந்தது. சோளிங்கர் மலைக்குப் போகிற கூட்டம். எல்லம்மா படுக்கையைச் சன்னல் வழியாக உள்ளே தள்ளி, பின்னால் கூடையைத் தள்ளி, உள்ளே இருந்த ஓர் அம்மாளிடம், “தாயி, அந்தப் படுக்க மேல யாரும் குந்தாம பாத்துக்க. புள்ளத்தாச்சி வர்றா” என்று கத்தினாள்.

“உன் படுக்கைய நீயே வந்து பாத்துக்க. நானே ஒத்தக் கால்ல நிக்கறேன்!” என்றாள் அந்த அம்மாள்.

“ஒத்தக் கால்ல நின்னா புண்ணியம் ஜாஸ்தி. மலையேறாமலே சாமி வரம் குடுத்துடும்!” என்றாள் எல்லம்மா. உள்ளே எல்லோரும் சிரித்தார்கள். அக்காவுக்கு இடம் கிடைத்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அக்காவின் உதடு வெளுத்திருந்தது.

காட்பாடியில் இறங்கி, இரும்பு மேம்பாலம் ஏறி, அந்தப் பக்கம் நிற்கும் சின்ன வண்டியைப் பிடித்தால்தான் வேலூர் போகலாம். நாங்கள் இறங்கியபோது அந்த வண்டி புறப்படத் தயாராக இருந்தது. அதைப் பிடிக்க எங்களோடு இறங்கியவர்கள் ஓடினார்கள். வேலூரிலிருந்து அதே வண்டியில் வந்த சோளிங்கர் கூட்டம், மஞ்சள் துணியும் பித்தளைச் செம்புமாக எதிரே ஏறிக்கொண்டிருந்தது.

எல்லம்மா பெட்டியைத் தலையில் வைத்து, படுக்கையை முதுகில் கட்டிக்கொண்டாள். “பாப்பா, நீ முன்னால போ. அக்கா நடுவுல. நான் பின்னால வர்றேன். கம்பிய உடாத. ஓடறவன் ஓடட்டும், இன்னொரு வண்டி இல்லாமலா போய்டும்?”

ஏறும்போது ஒன்றும் ஆகவில்லை. இறங்கும்போதுதான். எதிரே வந்த யாரோ ஒருவரின் செம்பு சாய்ந்து படியெல்லாம் தண்ணீர். நான் அதைத் தாண்டிவிட்டேன். சொல்ல வேண்டும் என்று திரும்பினேன். அதற்குள் அக்காவின் கால் வழுக்கி, அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். கூட்டம் நிற்கவில்லை. மேலே இருந்தவர்களுக்குக் கீழே ஒருத்தி விழுந்தது எப்படித் தெரியும்? பின்னாலிருந்து தள்ளியது தள்ளியபடியே இருந்தது. ஒரு கால் அக்காவின் தோளைத் தாண்டி வந்ததைப் பார்த்தேன்.

அப்போது எல்லம்மா, “நில்லு!” என்று ஒரு சத்தம் போட்டாள். தலையில் இருந்த பெட்டியை இரண்டு கையாலும் தூக்கி, இடது பக்கம் கைப்பிடிக் கம்பிக்கு மேலாக வெளியே வீசினாள். கீழே என்ன இருக்கிறது என்று பார்க்கவே இல்லை. வீசிய கையோடு அக்காவின் மேல் கவிழ்ந்து, இரண்டு பக்கமும் கையை ஊன்றிக்கொண்டாள். அவள் முதுகுப் படுக்கையின் மேல் ஆட்கள் விழுந்தார்கள். ஒருவர், இருவர், அப்புறம் ஒரு கிழவர். அவள் அசையவில்லை.

கீழே தகரம் நசுங்கிய சத்தமும், “ஐயோ!” என்ற சத்தமும் ஒன்றாக வந்தன. தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன் வாஹித் பாஷா என்பவர் தண்டவாளத்தின் ஓரம் குனிந்திருந்தார். அவருக்கு ஒரு முழம் தள்ளிப் பெட்டி விழுந்திருந்தது. தெறித்த கல் பட்டு அவர் கன்னத்தில் ரத்தம். பெட்டி திறந்து, பிள்ளைக்கு வைத்த அந்தப் புடவைத் துண்டுகள் எல்லாம் தண்டவாளத்தின்மேல் பறந்து கிடந்தன. அவற்றைப் பார்த்ததும் பிறக்கப்போகும் பிள்ளைக்கே ஏதோ ஆகிவிட்டதுபோல் இருந்தது.

அக்கா எழுந்துவிட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, “அசையுது, அசையுது” என்று மட்டும் சொன்னாள்.

போலீஸ்காரர் வந்து எல்லம்மாவின் கையைப் பிடித்தார். சுற்றி நின்றவர்கள், “பேய் புடிச்சவளா? மனுஷன் மண்டைல போட்டுருப்பாளே!” என்றார்கள். அப்போதுதான் போலீஸ்காரர் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார். எறிந்ததை என் கண்ணால் பார்த்திருந்தேன். எறிந்தாள் என்று சொன்னால் அவளை ஜெயிலில் போடுவார்கள். நழுவியது என்று சொன்னால் பொய். ஏன் எறிந்தாள் என்பதோ எனக்கே விளங்கவில்லை. தள்ளுகிற கூட்டத்தில் ஒரு பெட்டியை அப்படியா வீசுவார்கள்?

போலீஸ்காரர் அவள் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். “வழுவழுன்னு இருக்கு. நழுவிடுச்சா?”

“நழுவல சார். நான்தான் எறிஞ்சேன். எங்க ஷாப்புல அப்பிடித்தான்” என்றாள் எல்லம்மா.

“இது இன்னா உங்க ஷாப்பா?” என்று யாரோ கேட்க, எல்லோரும் சிரித்தார்கள்.

வண்டி ஊதியது. “பாப்பா, இன்னா பாத்துகினு நிக்கற? அக்காவ இட்டுகினு போ” என்றாள் எல்லம்மா. நான் போனேன். ஒரு வார்த்தை பேசாமல் போனேன்.

மறுநாள் காலையில் அவள் வேலூர் ஆஸ்பத்திரி வாசலில் நின்றாள். நசுங்கிய பெட்டியைக் கயிற்றால் கட்டியிருந்தாள். வாஹித் பாஷாவே, “என் மேல விழல, அவள உட்டுடுங்க” என்று சொன்னாராம். “துணி மொத்தமும் பொறுக்கிட்டேன். எண்ணிப் பாரு பாப்பா” என்றாள். அவள் முதுகு ஒரு பக்கம் வீங்கியிருந்தது. அக்காவை ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொண்டார்கள். தை மாதம் பெண் குழந்தை பிறந்தது. இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள்.

ஆனால் ஆம்பூருக்கு வந்து சேர்ந்த கதை வேறு. புள்ளத்தாச்சியின் பெட்டியை ரயில் பாலத்திலிருந்து தூக்கி எறிந்தவள் என்பதுதான் அந்தக் கதை. எங்களோடு இறங்கிய ஆம்பூர்க்காரர்கள் சொன்னது அது; ஏன் எறிந்தாள் என்று என்னால் எடுத்துச் சொல்ல முடியாததால் அதுவே நிலைத்துவிட்டது. அதற்குப் பிறகு ஒரு வீட்டாரும் அவளைக் கூப்பிடவில்லை. வெள்ளிக்கிழமைகளில் அவள் குடிசை வாசலிலேயே உட்கார்ந்திருப்பதை நான் பார்த்தேன்.

மாசியில் ஒருநாள் அப்பாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு ஷாப்புக்குப் போனேன். சுண்ணாம்புக் குழிகளின் ஓரமாக ஓர் ஆள் அகலத்துக்கு நடைபாதை. வலது பக்கம் சுவர். இடது பக்கம் வரிசையாகக் குழி. பெண்கள் ஈரத் தோல்களைத் தலையில் சுமந்து ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். நடுவில் ஒருத்திக்குக் கால் வழுக்கியது. “நில்லு!” என்ற சத்தம் கேட்டது. அவளுக்குப் பின்னால் வந்த எல்லோரும், ஒரே நொடியில், தலைச்சுமையை இடது பக்கக் குழிக்குள் எறிந்துவிட்டு அவளைப் பிடித்தார்கள். அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை. குழியில் விழுந்த தோலைக் கோலால் எடுத்துக்கொள்ளலாம். சுமையைக் கையில் வைத்துக்கொண்டு யாராலும் யாரையும் பிடிக்க முடியாது. மூன்று வருஷத்துக்கு முன் ஒருத்தி சுமையை விடாமல் நின்றதால், முன்னால் போனவள் சுண்ணாம்பில் விழுந்து இரண்டு கண்ணும் போயிற்று என்று அப்பா சொன்னார்.

அன்று சாயங்காலம் எல்லம்மாவிடம் போய், “எனக்கு இப்பத்தான் புரிஞ்சுது” என்றேன்.

அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். “குழில ஆள் இருக்க மாட்டாங்க பாப்பா. அங்க ஒரு மனுஷன் இருந்தாரு. நான் பாக்கல. எறியறதுக்கு முந்தி கீழ பாத்திருக்கணும்” என்றாள்.

இதைப் படிக்கிறவர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ யாராவது பெட்டி எறிந்தவள் கதையைச் சொன்னால், மீதியையும் அவர்களுக்குச் சொல்லுங்கள். படி ஈரமாக இருந்ததையும், அவள் முதுகின் கீழ் என் அக்கா இருந்ததையும் சொல்லுங்கள். கீழே ஒரு மனிதர் இருந்ததையும் மறைக்க வேண்டாம், அவளே மறைக்கவில்லை. அடுத்த முறை உங்கள் வீட்டில் யாராவது ரயில் ஏறும்போது, ஆற்றங்கரைப் பக்கம் ஆள் அனுப்பிக் கேட்டுப் பாருங்கள். வெள்ளிக்கிழமை என்றால் அவள் வீட்டில்தான் இருப்பாள்.