இடம் மாறிய கல்

நனைந்த சாணைக்கல்லுக்கு ஒரு வாசனை உண்டு. மழை விட்டதும் சிமெண்டுத் தரையிலிருந்து எழுமே, அதோடு கொஞ்சம் சவர்க்காரமும் இரும்பும் கலந்தாற்போல. மலேசியாவில் கோல சிலாங்கூர் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றில், எண்பதுகளின் தொடக்கத்தில், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அந்த வாசனையில்தான் நான் கண் விழித்தேன். வாரத்தில் ஆறு நாள் குலை வெட்டிய என் அப்பா ஏழாம் நாள் எங்கள் லயத்து வரிசை வீடுகளின் ஆண்களுக்கெல்லாம் சவரம் செய்தார். பரம்பரைத் தொழில், அவர் விட்டாலும் அவர்கள் விடமாட்டார்கள்.

அப்பாவிடம் சவரக்கத்தி இரண்டு, தீட்டும் கல்லும் இரண்டு. உயிரோடு இருப்பவர்களுக்கானது 'நல்ல கல்லு', வீட்டுக்குள் பிஸ்கட் தகரத்தில் இருக்கும். செத்தவர்களைக் குளிப்பாட்டுமுன் முகம் மழிக்கும் கத்திக்கானது 'கெட்ட கல்லு', கொல்லைப்புறப் பலகையில் கிடக்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் இருந்ததால் கெட்ட கல்லின் ஒரு முனையில் அப்பா உளியால் வெட்டுப் போட்டிருந்தார். எழவு வீடுகளில் பார்த்துப் பார்த்து அந்த வெட்டு தோட்டத்துக்கே பழக்கம். "நல்லதையும் கெட்டதையும் ஒண்ணா வெச்சா வீடு வெளங்காது" என்பாள் அம்மா. கல்லைக் கழுவி வைப்பது ஒன்பது வயதுக்காரியான என்னுடைய வேலை.

எங்களையெல்லாம் வேலை வாங்கிய மண்டோரின் மகன் சேகர் அண்ணனுக்குக் கல்யாணம் வந்தது. முதல் நாள் சாயங்காலம், இரண்டு நடை நடக்கச் சோம்பல்பட்டு, இரண்டு கல்லையும் ஒன்றாகவே குழாயடிக்குத் தூக்கிப்போய்க் கழுவினேன். கல்யாண வீட்டில் பாட்டுப் போட்டுவிட்டார்கள். லட்டு பிடிக்கும் இடத்துக்கு ஓடுகிற அவசரத்தில் எதை எங்கே வைத்தேன் என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மறுநாள் இருள் பிரியுமுன்பே மாப்பிள்ளையை முற்றத்தில் மணைமேல் உட்கார வைத்தார்கள். அப்பா கல்லில் தண்ணீர் தெளித்து, கத்தியின் முதுகும் கூரும் ஒருசேரப் படிய முன்னே ஓர் இழுப்பு, புரட்டிப் போட்டுப் பின்னே ஓர் இழுப்பு என்று தீட்டி, தோல்வாரில் நாலு தேய்ப்புத் தேய்த்துவிட்டு ஆரம்பித்தார். ஒரு கன்னம் முடிந்தது. சேகர் அண்ணனுக்கு முரட்டு முடி. பதம் குறையவே அப்பா மறுபடி கல்லை எடுத்தார். அதற்குள் வெளிச்சம் வந்திருந்தது. மண்டோர் குனிந்து பார்த்தார்.

"டேய், எந்தக் கல்லுடா இது?"

அப்பா கல்லின் முனையைப் பார்த்தார். பிறகு கூட்டத்துக்குள், லட்டும் கையுமாக நின்ற என்னைப் பார்த்தார்.

"கை மாறிப்போச்சுங்கய்யா. ராத்திரி நாந்தான் எடுத்து வெச்சேன்."

மண்டோர் விட்ட அறையில் கத்தி தெறித்துப் போனது. பாதி முகத்து நுரையோடு மாப்பிள்ளை எழுந்துபோக, தஞ்சோங் காராங்கிலிருந்து வேறு ஆளைக் காரில் கூட்டிவந்து மீதியை மழித்தார்கள். கல்யாணம் நடந்தது. நாங்கள் மூவரும் வீட்டுக்குள்ளேயே இருந்தோம்.

நான்கு மாதம் கழித்து சேகர் அண்ணனின் மோட்டார் சைக்கிள் ஒரு லோரிக்கடியில் போய்விட்டது. கொட்டும் மழை, வளைவு, பின்விளக்கு எரியாத லோரி. இதையெல்லாம் யாரும் பேசவில்லை. நரம்பில்லாத நாக்குகள் கல்லைப் பற்றியே பேசின. ஆனாலும் பிணத்துக்கு முகம் மழிக்க வேறு ஆள் கிடைக்கவில்லை. "வந்து செஞ்சிட்டுப் போ" என்று சொல்லியனுப்பினார்கள். அப்பா போனார். "இன்னிக்கு மட்டும் சரியான கல்ல கொண்டாந்தியா?" என்று அந்தத் தாய் கேட்டார். அப்பா குனிந்த தலை நிமிராமல் தீட்டிக்கொண்டே இருந்தார்.

திரும்பி வந்து தலை முழுகிக்கொண்டிருந்தவரிடம் போய், "அப்பா, நாந்தான்..." என்று அழுதேன்.

"தெரியும். நா அடி வாங்குனது அன்னிக்கோட போச்சு. ஒம் பேரு வெளிய வந்தா, கல்யாண மாப்பிள்ளைய முழுங்குனவள்னு ஆயுசுக்கும் சொல்லுவானுங்க. ஒன்ன எவன் கட்டுவான்? யார்கிட்டயும் சொல்லாத."

அடி அன்றோடு போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வாசலுக்கு யாரும் வருவது நின்றது. எழவுக்கு மட்டும் கூப்பிட்டார்கள்.

அந்தத் தோட்டம் இப்போது வீடமைப்புப் பகுதி. லயம் இருந்த இடத்தை என்னாலேயே அடையாளம் காட்ட முடியாது. போன வருடம் ராவாங்கில் என் வீட்டில் அப்பா இறந்தபோது, சவ அடக்கக்காரர்கள் அனுப்பிய பையன் பிளாஸ்டிக் ரேசர் ஒன்றால் இரண்டே நிமிடத்தில் அவருக்கு முகம் மழித்து, அதைக் குப்பையில் எறிந்தான். கத்தியும் இல்லை, கல்லும் இல்லை. பழைய தோட்டத்து ஆட்களும் வந்திருந்தார்கள். அடுத்த லயத்தில் இருந்த அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"தங்கமான மனுசன் லா ஒங்கப்பா. அன்னிக்கு அந்தக் கல்ல மட்டும் மாத்தி எடுக்காம இருந்திருந்தா, அந்தப் புள்ள இன்னிக்கும் இருந்திருக்கும்."

எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. பிள்ளைகளுக்கே கல்யாணம் முடிந்துவிட்டது. இனி என் பேர் கெடுவதற்கு என்ன இருக்கிறது? ஆனாலும் அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டு, "ஆமா அத்தை" என்றேன்.