வலக்கண்ணில் வெளுத்த சிவப்பு

ஆத்தங்குடித் தரைக்கல்லில் நான் ஊற்றிய சிவப்பு மை, காய்ந்ததும் வெளுத்துத் தெரிந்தது. அக்ரிலிக் மை வெளுக்கவே வெளுக்காது என்று கடைக்காரர் என் தலையில் கட்டியிருந்தார்.

தாள் அலுத்துப்போய், தரைக்கல், ஓட்டுத்துண்டு, பழைய எக்ஸ்ரே படம் என்று கண்டதிலும் மை ஊற்றிப் பார்க்கும் கிறுக்கு எனக்கு. ஈர மையில் ஸ்பிரிட்டைச் சொட்டினால் வட்டம் வட்டமாக விலகும். நகைப்பட்டறை வைத்திருக்கும் கணவரின் லென்ஸை வலக்கண்ணில் பொருத்தி, அந்த விளிம்புகளைப் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

எண்ணெய்ப் பசை இருந்தால் மை சரியாகப் பிடிக்காது. செக்காலைப் பகுதியிலிருக்கும் எங்கள் வீட்டில் தரை மினுங்கத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைப்பவர் என் கணவர்தான். பழி அவர்மேல் விழுந்தது.

"என் கல்லையும் சேத்துத் தொடச்சீகளா?"

"அது அங்குட்டுல்ல கெடக்கு. நான் தொடவே இல்ல."

நம்பவில்லை. சீயக்காய் போட்டுத் தேய்த்து மறுபடி ஊற்றினேன். அதே வெளுப்பு. கண்ணை அசைத்தால் வலித்தது. குனிந்தே கிடந்ததால் என்று நினைத்தேன். வலி கூடிய ஒருநாள் லென்ஸை இடக்கண்ணுக்கு மாற்றினேன். அதே கல்லில் சிவப்பு பளீரென்று இருந்தது.

மதுரையில் டாக்டர், சொட்டுமருந்துக் குப்பியின் சிவப்பு மூடியைக் காட்டி ஒவ்வொரு கண்ணாக மூடச் சொன்னார். வலக்கண்ணுக்கு அது பழைய செங்கல் நிறம். பார்வை நரம்பு அழற்சி (கண்ணையும் மூளையையும் இணைக்கும் நரம்பின் வீக்கம்) என்றார். ஸ்டீராய்டு (வீக்கத்தைக் குறைக்கும் மருந்து) ஏற்றினார்கள்.

"சிவப்பு திரும்புமா டாக்டர்?"

"எழுத்துப் படிக்கிற பார்வை பெரும்பாலும் வந்துரும்மா. நிறம் முழுசா வரும்னு சொல்ல முடியாது. இன்னொரு கண்ணுக்கும் வரலாம், கவனமா இருங்க."

எழுத்து திரும்பியது. சிவப்பு திரும்பவில்லை. பிழைத்த கண்ணுக்கு நன்றி சொல்லத் தோன்றவில்லை. போன நிறத்துக்காகத்தான் அழுதேன்.

இதைப் படிக்கிற உங்களுக்கும் ஏதாவது வெளுத்துத் தெரிந்தால், முதலில் ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள். நான் கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

முன்பெல்லாம் அடுத்த வருடத்துக்கும் சேர்த்துத் திட்டம் போடுவேன். இப்போது ஒரு நாளுக்குமேல் மனம் நீள்வதில்லை. விழித்ததும் வலக்கண்ணைப் பொத்திக்கொண்டு, காலண்டர் அட்டையில் அம்மன் உடுத்தியிருக்கும் சிவப்புச் சேலையைப் பார்க்கிறேன். அதுவரை கணவர் காப்பி டம்ளரோடு பக்கத்தில் நிற்பார்.

"இருக்கா?"

"இருக்கு."

பிறகுதான் காப்பியை நீட்டுவார்.