மணிவிழா மேடையில் தணிகாசலம்

பெரணமல்லூர்ப் பக்கத்தில் ஏர் ஓட்டிக்கொண்டிருந்த தணிகாசலம், கிணறு வற்றி, மாட்டையும் விற்றுவிட்டு ஆரணிக்கு நெசவு கற்க வந்தபோது வயது நாற்பத்தொன்று. அது எழுபத்தைந்தாம் வருஷம். தறி முதலாளி சிவப்பிரகாசம் அவரைத் தறிப் பக்கமே விடவில்லை. ஏர் பிடித்த கை சொரசொரவென்றிருக்கும், பட்டு இழை மாட்டி அறுந்துவிடும் என்றார். தலை நரைக்கத் தொடங்கிய மனுஷன் ஒரு வருஷம் சின்னப் பெண்களோடு உட்கார்ந்து நூல் சுற்றினார். உள்ளங்கையைச் செங்கல்லில் தேய்த்துத் தேய்த்து ரத்தம் கசிந்த நாளும் உண்டு.

முதலாளி மதியம் கண்ணயரும்போது தறியில் உட்கார்ந்து தானாகவே பழகினார். ஒருநாள் பிடிபட்டார். சிவப்பிரகாசம் தறியில் குறுக்கே ஊடை நூலோடு ஓடும் மர நாடாவை எடுத்து அவர் முகத்தில் வீசினார். பிறகு, நாடா உடைந்துவிட்டதா என்றுதான் குனிந்து பார்த்தார். என்ன மனுஷன்!

நெய்திருந்ததில் குறை எதுவும் தெரியாததால் பிறகு அவரைத் தறியில் உட்காரவிட்டார். எட்டு வருஷத்தில், தணிகாசலம் நெய்த முந்தானை என்றால் கடைக்காரர்கள் கேட்டு வாங்கினார்கள். நெசவாளர் சங்கத்தில் உறுப்பினராகிவிட்டால் வீட்டிலேயே சொந்தத் தறி போடலாம், நூலைச் சங்கமே கொடுக்கும். மனு கொடுத்திருந்தார். ஆனால் சங்கத் தலைவர் யார்? அதே சிவப்பிரகாசம்தான்.

சிவப்பிரகாசத்தின் மணிவிழாவுக்குப் பந்தல் போட்டு மைக் கட்டினார்கள். சங்கச் செயலாளர் அருணகிரி தணிகாசலத்தை ஓரமாகக் கூப்பிட்டார்.

“மேடையேறி, ‘மாடு ஓட்டிகினு இருந்த என்ன மொதலாளிதான் மனுசனாக்குனாரு’ன்னு சொல்லு. அடுத்த வாரமே மனு பாஸாயிடும்.”

தணிகாசலம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று பந்தலுக்குத் திரும்பினார். மனைவி கெங்கம்மாள் அவர் முகத்தைப் பார்த்தே பயந்துவிட்டாள்.

“நாலு வார்த்த நல்லதா பேசிட்டு ஜல்தியா எறங்கி வந்துடுய்யா.”

மேடையில் அருணகிரி, “கையைப் பிடித்துத் தொழில் கற்றுக்கொடுத்த வள்ளல்” என்று முழங்கினார். கூட்டம் கைதட்டியது. கையைப் பிடித்தாராம்! தணிகாசலம் மைக்குக்கு முன்னால் போய் நின்றார்.

“எல்லாருக்கும் வணக்கம்ங்க. மொதலாளி நூறு வருசம் நல்லா இருக்கணும். என்ன மனுசனாக்குனாருன்னு சொல்லச் சொன்னாங்க. நான் ஆரணிக்கு பஸ் ஏறும்போதே மனுசன்தாங்க. இங்க நெசவு கத்துகினேன். அதுவும் மொதலாளி தூங்கிகினு இருக்கும்போது கத்துகினேன்.”

யாரோ சிரித்துவிட்டுச் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார்கள். மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்த சிவப்பிரகாசத்தின் முகம் கறுத்துப்போயிற்று. முன்பெல்லாம் தணிகாசலத்தின் கோபம் வீட்டுக்கு வந்து கெங்கம்மாள் மேல்தான் விழும். அன்றுதான் அது போக வேண்டிய இடத்துக்குப் போனது.

மறுநாளே தறி வேலை போயிற்று. அடுத்த வாரம் மனுவும் காரணம் எதுவும் எழுதாமல் திரும்பி வந்தது. அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கெங்கம்மாள் அழுதாள்.

“ஒரே ஒரு பொய் சொன்னா உனக்கு என்னய்யா கொறஞ்சி போயிருக்கும்?”

“எட்டு வருசமா வாயத் தொறக்காம அந்தப் பொய்யத்தான் சொல்லிகினு இருந்தேன். எவ்ளோ கொறஞ்சி போயிருந்தேன்னு கூடவே இருந்த நீ பாக்கலியா?”