கக்கூஸ் சாவி

ஆறாவதோடு படிப்பை நிறுத்திவிட்டுப் பீங்கான் கம்பெனிக்கு வேலைக்குப் போனேன். அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சுடாத பச்சைக் கோப்பைகளின் விளிம்பை ஈர ஸ்பாஞ்சால் துடைத்துச் சரிசெய்யும் வேலை. பெண்களுக்கு ஒரே ஒரு கக்கூஸ், சூளைக்குப் பின்னால். அதன் சாவி எங்கள் மேஸ்திரி அக்காவின் இடுப்பில் தொங்கும். போய்க் கேட்டால், "இப்பத்தானடி போன? உன் வயித்துல இன்னா, ஏரித் தண்ணியா இருக்குது?" என்று சத்தமாகக் கேட்பாள். ஆண்கள் சிரிப்பார்கள். அதற்குப் பயந்தே நாங்கள் தண்ணீர் குடிக்க மாட்டோம். தொண்டை காய்ந்தாலும், "வூட்டுக்குப் போயி குடிச்சிக்கலாம்" என்பதுதான் எங்கள் பேச்சு.

நாற்பது தாண்டியதும் எனக்குக் கிட்னியில் கல். வலி வந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு மாடு மாதிரிக் கத்துவேன். "தண்ணியே குடிக்க மாட்டீங்களாம்மா?" என்று டாக்டர் கேட்டார். யாரைச் சொல்வது? அன்றிலிருந்து எதைக் கண்டாலும் பயம். மஞ்சளாகப் போனால் பயம், முதுகு பிடித்தால் பயம். பயப்படும்போதெல்லாம் அந்தச் சாவி குலுங்குகிற சத்தம் காதில் கேட்கும். அந்த அக்கா மேல் கொளஞ்சியப்பர் கோயிலில் சீட்டெழுதிப் பிராது கட்டலாமென்றுகூடக் கிளம்பினேன். நான் எழுதுவதில் பிழை வந்து சாமி வேறு யாரையாவது பிடித்துவிட்டால் என்ன செய்வது என்று பாதி வழியில் திரும்பிவிட்டேன்.

பிராது இல்லாமலே நடந்தது. ஊரில் எல்லார் கையிலும் செல்போன் வர ஆரம்பித்த சமயம், அவளுக்குச் சர்க்கரை வந்தது. மகன் சிங்கப்பூரில். மருமகளோடு பேச்சு கிடையாது. டாக்டர் தினமும் நடக்கச் சொல்லிவிட்டார். தனியாக நடக்கக் கூச்சம், நாய் பயம் வேறு. இரண்டு தெரு தள்ளியிருந்த என்னைத் தேடி வந்தாள்.

"கூட வாயேன்டி, பேச்சுத் தொணையா இருக்கும்."

"வரேங்க்கா" என்றேன். சர்க்கரைக்காரர்களால் அடக்க முடியாது என்பது எனக்குத் தெரியும்.

காலையில் ரயில்வே கேட் வரை போய்த் திரும்புவோம். ஒருநாள் திரும்பும்போது, என் வீட்டருகே அவள் நடை பின்னியது. தெருவில் போகிறவர்கள் நுழையாமலிருக்க எங்கள் வெளிக் கக்கூஸைப் பூட்டித்தான் வைத்திருப்போம். சாவி என் இடுப்பில்.

"கொஞ்சம் தொறடி."

"இப்பத்தானக்கா போனீங்க? உங்க வயித்துல இன்னா, ஏரித் தண்ணியா இருக்குது?"

நிமிர்ந்து பார்த்தாள். நான் மறந்திருப்பேன் என்று நினைத்திருக்கிறாள். காலை மாற்றி மாற்றி வைத்தாள். நான் கோலத்தை மிதித்த ஆட்டை விரட்டினேன். முந்தானையை உதறிச் செருகினேன்.

"தொறந்து வுடு தாயி."

குரல் அவ்வளவு இறங்கிய பிறகுதான் பூட்டைத் திறந்தேன். அதற்குள் புடவையின் கீழ்ப்பக்கம் நனைந்துவிட்டது. அன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

மறுநாள் வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். வந்தாள். அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்? உதடு வெளுத்து வெடித்திருந்தது.

"தண்ணி குடிச்சீங்களா?"

"வூட்டுக்குப் போயி குடிச்சிக்கிறேன்."

இத்தனை வருஷம் அவள் வாயிலிருந்து கேட்க நினைத்தது இதைத்தான். குளிர்ந்த மனதோடு நடந்தேன். ரயில்வே கேட் வந்ததும் வழக்கமான பயம் பிடித்துக்கொண்டது. மயங்கி விழுந்தால்? என்னோடு வந்துதான் விழுந்தாள் என்று ஊர் சொல்லுமே. செத்தே போய்விட்டால், மிச்சத்தை யாரிடம் தீர்ப்பது? டீக்கடையில் தண்ணீர் பாக்கெட் வாங்கி நீட்டினேன்.

"வேணாம்டி. அப்புறம் போவணும்னு வரும்."

"குடிங்கக்கா. சாவி எங்கிட்டதான் இருக்குது."

பாக்கெட்டின் மூலையைப் பல்லால் கடித்தபடி அவள் என் இடுப்பையே பார்த்தாள்.