யூகெட்டின் ஊர்வலம்

அனிசே லாபாட் முப்பத்தொரு கோடைக்காலம் நாற்காலி போட்டவர். கஸ்தெராக் ஊரின் ஜாஸ் விழா தொடங்கிய வருடம் நாற்பது போட்டார். அதிலும் பாதி காலி. இப்போது ஆறாயிரம். ஊர் ஜனத்தொகையைப் போல ஐந்து மடங்கு. ஜூலை வந்தால் கறிக்கடைக்காரன் வாத்துக்கறியை ரொட்டிக்குள் வைத்து இரட்டை விலை சொல்வான். ஆசிரியை தன் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு கார் கொட்டகையில் படுப்பாள். யாரும் குறை சொன்னதில்லை, அனிசேயின் மனைவி யூகெட்டைத் தவிர.

அவர்கள் வீடு சதுக்கத்தைப் பார்த்தபடி இருந்தது. அதனால் படுக்கையறைக்கு நல்ல கிராக்கி. பதினைந்து வருடமாக அதை ரசிகர்களுக்கு விட்டுவிட்டு, யூகெட்டைப் பின்கட்டுத் துவைப்பறையில் படுக்க வைத்தார் அனிசே. அவளுக்குத் தீராத ஒற்றைத் தலைவலி. காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துக் கிடப்பாள்.

"ரெண்டு வாரந்தானே, பொறுத்துக்க" என்பார்.

"பதினஞ்சு வருஷத்தையும் கூட்டிப் பாருய்யா, எத்தனை ரெண்டு வாரம்னு."

இந்த வருடம் விழாவின் மூன்றாம் நாள் அந்தத் துவைப்பறையிலேயே செத்துப்போனாள். மேலே படுக்கையறையில் நெதர்லாந்துத் தம்பதி தூங்கிக்கொண்டிருந்தார்கள். முந்தின ராத்திரி அனிசேயின் கையைப் பிடித்து ஒன்றே ஒன்று கேட்டாள்.

"என் பொணத்துக்கு முன்னாடி ஒருத்தனும் ஊதக் கூடாது. இதையாவது செய்வியா?"

"செய்யறேன் யூகெட். சத்தியமா."

மாதா கோவிலில் மாலைக் கச்சேரிக்காக மேடை கட்டியிருந்தார்கள். விழாத் தலைவி தெல்மாஸ் அம்மாள் அடக்கப் பூசைக்குக் காலையில் ஒரு மணி நேரம் ஒதுக்கிக் கொடுத்தார்.

"பதினொன்றரை வரைக்கும் எந்த மேடையிலயும் ஒரு சத்தம் வராது அனிசே. உங்களுக்காக இதுகூட செய்யமாட்டேனா?" என்றார், கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே.

விழாவுக்காகத் தெருக்களை அடைத்திருந்ததால் சவ வண்டி கோவில் வரை வர வழியில்லை. சதுக்கத்தின் குறுக்கே, கல்லறைத் தோட்டம் வரை தூக்கித்தான் போக வேண்டும். நாற்காலிக்காரர்கள் ஆறு பேர் முன்வந்தார்கள். கறுப்புக் கோட்டோடு வந்த மற்றவர்களை அந்த ஆறு பேரில் ஒருவனான ஃபெர்னான் தடுத்தான்.

"அண்ணே, விழாத் தொண்டர் சட்டை இல்லாம, சதுக்கத்துத் தடுப்புல நிக்கிற அந்தத் தடியன் தொறக்க மாட்டான். வெளியூர்க்காரன். நேத்து மேயரையே நிறுத்திட்டான்."

உள்ளூர்க்காரர்களுக்கு அது பழகிப்போன விஷயம். ரொட்டி வாங்கப் போனாலும் அந்தச் சிவப்புச் சட்டைதான். யோசிக்காமல் ஆறு பேரும் மாட்டிக்கொண்டார்கள்; ஏழாவதாக அனிசேயும், கறுப்புக் கோட்டுக்கு மேலேயே. பூசை முடிந்து புறப்பட்டார்கள்.

தடுப்பில் நின்றவன் விரலால் எண்ணினான். "ஏழு பேரா, எட்டா?"

"ஏழு. எட்டாவது ஆள் பெட்டிக்குள்ள இருக்கா" என்றான் ஃபெர்னான்.

அவன் சிரித்துக்கொண்டே திறந்துவிட்டான்.

சதுக்கத்தில் காபிக் கடைகள் நிரம்பி வழிந்தன. முதலில் வைக்கோல் தொப்பி போட்ட ஒருத்தி கைதட்டினாள். ஒரே மாதிரிச் சட்டை, தோளில் பெட்டி, முன்னால் தலை குனிந்த கிழவர்: அவள் விழாவின் வேடிக்கை நிகழ்ச்சி என்றுதான் நினைத்தாள். பிறகு எல்லோரும் தட்டினார்கள். கைபேசிகள் உயர்ந்தன. கிணற்றடியில் சும்மா உட்கார்ந்திருந்த நாலு இளைஞர்கள் எழுந்தார்கள். இரண்டு ட்ரம்பெட், ஒரு ட்ராம்போன், கழுத்தில் முரசு. அமெரிக்காவில் ஜாஸ்காரர்கள் பெட்டிக்கு முன்னால் ஊதிக்கொண்டே போகும் சாவு ஊர்வலத்தைப் படங்களில் பார்த்தவர்கள். சவப்பெட்டிக்கு முன்னால் போய் நின்று, மெதுவாக, அழகாகவே, ஊதத் தொடங்கினார்கள்.

அனிசே உள்ளங்கையை உயர்த்தி "நிறுத்துங்க" என்றார். அது யார் காதிலும் விழவில்லை. கைதான் தெரிந்தது. குழுத்தலைவர் சைகை காட்டுகிறார் என்று எண்ணி உரக்க ஊதினார்கள். அவர் இன்னும் உயர்த்தினார். அவர்கள் தாளத்தை வேகமாக்கினார்கள்.

"டேய், விடுங்கடா! நிஜப் பொணம்டா!" என்று ஃபெர்னான் கத்தினான். கூட்டம் வெடித்துச் சிரித்தது.

தோளில் பாரத்தோடு ஆறு பேர் எவ்வளவு நேரம் தாளத்துக்கு எதிராக நடக்க முடியும்? கல்தரை முடியும் இடத்தில் அவர்கள் கால்கள் ஒன்றாக விழுந்தன. பெட்டி இடமும் வலமும் லேசாக ஆடியது. அனிசே தன் காலணியைப் பார்த்தார். முப்பத்தொரு வருடம் ஜாஸ் கேட்ட கால். அதுவும் தாளத்தில்தான் விழுந்துகொண்டிருந்தது. மாற்றி வைத்துப் பார்த்தார். நாலாவது அடியில் அது தானாகத் திரும்பிப் போய்ச் சேர்ந்துகொண்டது.

கல்லறைத் தோட்டத்து வாசலில் இசை முடிந்தது. ட்ரம்பெட் இளைஞன் தொப்பியைக் கழற்றி வணங்கினான். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. வைக்கோல் தொப்பிக்காரி கண்ணைத் துடைத்தபடி அனிசேயிடம் வந்தாள். நிஜமாகவே அழுதிருந்தாள்.

"ரொம்ப உருக்கமா இருந்துச்சுங்க. என் வீட்டுக்காரர் பாக்கல. நாளைக்கு எத்தனை மணிக்கு?"

சிவப்புச் சட்டை போட்டவரிடம் விருந்தாளி கேட்டால் மரியாதையாகப் பதில் சொல்ல வேண்டும். அனிசே அப்படித்தான் பழகியிருந்தார்.

"நாளைக்கு இல்லைங்க அம்மா" என்றார். "இது ஒரு தடவைதான்."